ஒரு நிமிடம் இருபது நொடிக்குப் பிறகு

பாத்திமா இறந்த செய்தி எனக்கு ஒன்றரை மடங்கு வேகத்தில் வந்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணி. கரும்பலகையில் அன்றைய பாடத்துக்காக ஓர் இருபடிச் சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய எண்ணிலிருந்து குரல்பதிவு வந்தது. யாருடைய குரல்பதிவையும் ஒன்றரை வேகத்தில் கேட்பது என் வழக்கம். கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூள் என்பதால் விரல் முட்டியால் அழுத்தினேன். “சார், நான் ரிஸ்வானா பேசுதேன், உம்மா போன்ல இருந்து” என்று படபடவென ஒரு குரல். பாத்திமாவின் மகள். அம்மாவுக்கு ஏதோ வேலை, பெண்ணை விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார் என்று நானாக முடிவுகட்டி, பாதியில் நிறுத்திவிட்டுப் பலகைக்குத் திரும்பினேன். ஒன்றரை வேகத்தில் அழுகை அழுகையாகக் கேட்பதில்லை.

மாலை ஐந்தரை வரை, பாத்திமா தொகுத்து அனுப்ப வேண்டிய பாட வீடியோ வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. “பாத்திமா, வீடியோ என்ன ஆயிற்று? நாளை ஏற்ற வேண்டும்” என்று எழுதி அனுப்பினேன். அடக்கத்துக்குப் போய்த் திரும்பியவர்கள் அந்த வீட்டில் இன்னும் உட்கார்ந்திருந்த நேரம் அது. ரிஸ்வானா அழைத்தாள். “சார், காலையிலயே சொன்னேனே. உம்மா மவுத்தாயிட்டாங்க. விடியக்காலத்துல நெஞ்சு வலிக்குன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு. அசர் தொழுகைக்குப் பெறவு அடக்கம் பண்ணியாச்சு.” அவள் குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பிறகு அந்தக் காலைப் பதிவை முழுதாகக் கேட்டேன். அதன் கடைசியில் “நீங்க வரணும் சார்” என்று இருந்தது.

மேலப்பாளையத்தில் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு மைதீன் பாத்திமாவை நேரில் தெரிந்திருக்கும். மீதிப் பேரின் வீட்டுக் கல்யாண வீடியோ அவர் கைபட்டதாக இருக்கும். எங்கள் யூடியூப் சேனலில் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் அவர் முகமே தெரியாது. வீடியோ முடிந்து எழுத்துகள் ஓடும்போது ‘படத்தொகுப்பு: எம். பாத்திமா’ என்று ஒரு வரி வரும். அதுவரை இருந்து பார்த்தவர்கள் குறைவு. அந்தக் குறைந்த எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் ஆறு வருடமாக எங்கள் இருவரின் தொழில்.

நான் பாளையங்கோட்டையில் முப்பத்துநான்கு வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன். என் வகுப்பிலிருந்து ஒருவனும் நடுவில் எழுந்து போனதில்லை. கதவை அடைத்துக்கொண்டு நான் நிற்பேன், எப்படிப் போவான்? ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் மனைவி தவறிவிட்டாள். மகன் கனடாவில். ஒரு விடுமுறைக்கு வந்தவன், அப்பா சும்மா இருந்தால் சரிப்படாது என்று முன்னறையில் கேமராவும் விளக்கும் பொருத்தி, சேனலும் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். முதல் வீடியோ ஐம்பத்திரண்டு நிமிடம். எத்தனை பேர் எந்த நொடி வரை இருந்தார்கள் என்று காட்டும் வரைகோடு ஒன்று இருக்கிறதல்லவா, அதைத் திறந்து பார்த்தேன். கிடை அச்சில் நேரம், நிலை அச்சில் மிஞ்சிய ஆட்கள். கோடு முதல் நிமிடத்திலேயே தரையில் விழுந்து கிடந்தது. வாழ்க்கையில் நான் படித்த வரைபடங்களிலேயே மானத்தை வாங்கியது அதுதான்.

தெரிந்தவர் ஒருவர் மேலப்பாளையத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு அனுப்பினார். ஸ்டுடியோக்காரர், “எந் தங்கச்சி பாத்துத் தருவா சார், அவதான் மிக்ஸிங் எல்லாம்” என்றார். தங்கச்சிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவர் சவுதியில், தம்மாமில். வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, வெளியூர்ச் சம்பந்தம் உள்ளூர்ச் சம்பந்தம் எல்லாவற்றின் கல்யாண வீடியோவையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். என் ஐம்பத்திரண்டு நிமிடத்தையும் பார்த்துவிட்டு அவர் அனுப்பிய முதல் குரல்பதிவு எனக்கு மனப்பாடம். “சார், ‘வணக்கம் மாணவச் செல்வங்களே’ல இருந்து கணக்குக்கு வார மூணு நிமிஷம் ஆவுது. ஜங்ஷன்ல பஸ் ஏறுனவன் அதுக்குள்ள வண்ணாரப்பேட்டைல எறங்கிருவான்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவரை விடவில்லை. எதனால் ஆட்கள் போகிறார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் கல்யாண வீடியோவைப் பற்றிச் சொன்னார். “கல்யாண வீடியோவ யாரு சார் முழுசாப் பாக்கா? தம் மொகம் வாரவரைக்கும் பாப்பாங்க. வந்துட்டுன்னா எந்திரிச்சிப் போயிருவாங்க. அதனால மாப்பிள்ளையோட மாமாவ முதல்ல தோளு மட்டும் காட்டுவேன். நம்ம தோளுதான்னு அவருக்குத் தெரியும். நடுவுல ஒருக்க பாதி மொகம். முழு மொகம் பந்தியிலதான். மனுசன் அசையவே மாட்டாரு.” இப்படி ஒவ்வொரு கல்யாணத்திலும் யார் யாருடைய தோளை எங்கே வைப்பது என்று அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பெண்வீட்டாரின் மூத்த மருமகனைத் தோளோடு விட்டுவிட்டதால் ஒருமுறை சம்பந்தி சண்டையே வந்ததாகவும் சொன்னார்.

அதையே கணக்குக்கும் கொண்டுவந்தார். சாத்தான்குளத்திலிருந்து ஒரு பையன் ஒரு கணக்கைக் கேட்டிருப்பான். மாஞ்சோலை மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கீழே இறங்கி வந்துவிட்ட குடும்பத்துப் பெண் ஒருத்தி இன்னொன்றைக் கேட்டிருப்பாள். நான் வீடியோவின் தொடக்கத்தில் “இன்று நீங்கள் அனுப்பிய மூன்று கணக்குகள்” என்று மட்டும் சொல்ல வேண்டும். ஊரையும் பேரையும் அந்தந்தக் கணக்கு வரும்போதுதான் சொல்ல வேண்டும். என் பெயர் வருமா, எப்போது வரும் என்று கணக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் கடைசிவரை இருப்பார்கள். இருந்தார்கள். வரைகோடு தரையிலிருந்து எழுந்து கொஞ்சம் நடக்கத் தொடங்கியது. அவருக்கு முதலில் வரைபடம் பார்க்கத் தெரியாது. சாய்வு என்றால் என்ன என்று நான் விளக்கியபோது, “மாஞ்சோலை பஸ்ஸு கீழ எறங்குத மாதிரி இருக்கு, நடுவுல அங்கங்க வளைவுல பைய நிக்கு” என்றார். அந்த வளைவுகளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தேடிப் பார்ப்பது பிறகு எங்கள் வாராந்தர வேலையாயிற்று.

நான் அவரை நேரில் பார்த்தது நான்கே முறை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே குலவணிகர்புரம் ரயில்வே கேட் ஒன்றுதான். இருந்தும் கோப்புகள் போகும், குரல் வரும், அவ்வளவுதான். இரண்டாவது முறை அவர் வீட்டுக்குப் போனபோது ஒரு விநோதத்தைக் கண்டேன். கூடத்தில் ஐந்து பெண்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதிரே சுவரில் சாய்த்து வைத்த போனில் என் வீடியோவின் முதல் வெட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாத்திமா போனைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு, தாளில் நிமிடம், நொடி குறித்துக்கொண்டிருந்தார்.

“கண்ண நம்ப முடியாது சார். மரியாதைக்குப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. கை அப்பிடி இல்ல. மனசு வேற எங்கயாவது போயிட்டுன்னா கை வேகமா சுத்தும். வீடியோக்குள்ள போயிட்டுன்னா கை பைய ஆயிரும், சமயத்துல நின்னுரும். வேகமாச் சுத்துத எடத்தையெல்லாம் வெட்டிருவேன்” என்றார். அன்றைக்கு ஓடியது இரண்டு ரயில்கள் எதிரெதிரே வரும் கணக்கு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பெரியம்மாவின் கை சட்டென்று நின்றது. “ஏன் சார், ரெண்டு ரயிலையும் ஒரே தண்டவாளத்துலயா விடுதீங்க? மோதாதா?” என்று என்னிடமே கேட்டார். இல்லைம்மா, அது பக்கத்துத் தண்டவாளம் என்றேன். “அத மொதல்லயே சொல்லக் கூடாதா, எம் மனசு பதறிப் போச்சு” என்றார். பாத்திமா என்னைத் தனியே அழைத்து, “சொல்லிராதீங்க சார். பத்து நிமிஷங்கழிச்சிச் சொல்லுங்க” என்றார். அந்தக் கணக்கை ‘இந்த ரயில்கள் மோதுமா?’ என்று தொடங்கி மறுபடி எடுத்தோம். எங்கள் சேனலில் அதிகம் பேர் கடைசிவரை பார்த்தது அதைத்தான்.

ஒரேயொரு முறை பெரிய சண்டை. நான் பேச்சுவாக்கில் ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று எழுதி, இரண்டு வரி தள்ளி அதைக் கண்டு திருத்தியிருந்தேன். தவறை வெட்டியெறிந்திருப்பார் என்று நினைத்து நானும் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். அது அப்படியே போயிருந்தது. கூடவே, திருத்திய இடத்தை எடுத்துப் பத்து நிமிடம் தள்ளி வைத்திருந்தார். கீழே பிள்ளைகள் குவிந்துவிட்டார்கள்: சாருக்கு வாய்ப்பாடு தெரியாதா, சாருக்கு வயசாயிட்டு, சார் தூங்குகிறார். எனக்குக் கண் மண் தெரியவில்லை. “நான் என்ன வாத்தியாரா, வித்தைக்காரனா?” என்று கத்தினேன். அவர் நிதானமாக, “தப்பக் கண்டுபிடிச்ச ஒரு பிள்ளகூட போகல சார். சார் எப்பத் திருத்துவாருன்னு கடைசிவரைக்கும் உக்காந்திருக்கு. அந்த வாய்ப்பாட்ட இனி செத்தாலும் மறக்காதுல்லா” என்றார். இரண்டு வாரம் நான் பேசவில்லை. மூன்றாவது வாரம் அவராகவே அந்த வீடியோவை எடுத்துவிட்டுத் திருத்தியதை ஏற்றினார். “ஒங்க மொகம் வாடிப் போயி பாடம் எடுக்கீங்க, அத வெட்ட முடியல” என்று காரணம் சொன்னார்.

இனி எழுதப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான பகுதி. பாடம் முடிந்த பிறகும் நான் கேமராவை உடனே அணைப்பதில்லை. முதலில் மறதி. பிறகு வேண்டுமென்றே. காலையில் ஆறு மணிக்கு எழுந்து பலகையைத் துடைத்து, பாடம் நடத்தி, “அடுத்த வகுப்பில் பார்ப்போம்” என்று சொன்னதும் வீடு சட்டென்று அமைதியாகிவிடும். அந்த அமைதியில் நான் கேமராவிடம் ஏதாவது பேசுவேன். மகன் கூப்பிட்டு மூன்று வாரம் ஆகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, அவள் இருந்தால் இந்நேரம் சுண்டலுக்குத் தாளித்திருப்பாள், இப்படி. எப்படியும் பாத்திமா வெட்டிவிடுவார் என்ற தைரியம். வெட்டுபவர் முதலில் கேட்டாக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துதான் பேசினேன்.

அவர் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஒருமுறை மட்டும், இரண்டு நாளாக ரொட்டியும் பாலுமாக ஓட்டுகிறேன் என்று கேமராவிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் மதியம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தேங்காய்ச் சோறு, பருப்பாணம் என்கிற பருப்புக் குழம்பு, கத்தரிக்காய். எல்லாம் பளபளவென்று புத்தம்புதுப் பாத்திரத்தில். கூடவே ஒரு குரல்பதிவு: “சார், கறி பொழங்காத பாத்திரம். கடையில இருந்து நேரா அடுப்புக்குப் போனது. தைரியமாச் சாப்பிடலாம்.” சைவ வீட்டுக்காரனான நான் அன்றைக்கு ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. “நீங்கள் என்னையும் வேகமாக ஓட்டித்தானே கேட்பீர்கள்?” என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். “ஒங்கள ஒன்னு வேகத்துல வச்சித்தான் சார் கேப்பேன். வேகமா வச்சா எங்கன மூச்சு விடுதீங்கன்னு தெரியாது. தெரியாம எப்பிடி வெட்ட?” என்றார்.

பாத்திமா இறந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பாத்திமாவின் கணவர் தம்மாமிலிருந்து வந்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் போன மனிதர். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “சார், ஒங்களுக்கு நான் ரொம்பக் கடமப்பட்டிருக்கேன். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இந்த வயசுல எதுக்குப் பரீட்ச, ஊரு சிரிக்கும்னேன். அவ கேக்கல. ஒங்க பதில எனக்குப் படம் புடிச்சி அனுப்பிட்டா, சார் சரின்னுட்டாங்கன்னு. வாத்தியாரே சொன்ன பெறவு நான் என்னத்தச் சொல்ல?” என்றார். ரிஸ்வானா உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். தனித்தேர்வர். கணிதம் நாற்பத்தொன்று.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பரீட்சை, எந்தப் பதில்? கேட்க வாய் வரவில்லை. அந்த வீட்டில் அத்தனை பேர் என்னை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நல்லா எழுதியிருக்காங்க” என்றேன். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியிருந்த ஐந்து நிமிடமும் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை, பலகையைத் துடைக்காமல், போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவுகள் வரை போனேன். இயல்பான வேகத்தில் கேட்டேன். கிடைத்துவிட்டது. நான்கு நிமிடப் பதிவு. முதலில் மின்விசிறிச் சத்தம் பாடத்தில் விழுகிறது என்று வேலை விஷயம். அதுவரை நான் கேட்டிருக்கிறேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு கொஞ்சம் இடைவெளி. பிறகு: “அப்புறம் சார், ஒன்னு கேக்கணும். நான் பத்தாப்புல கணக்குல போனவ. முப்பத்தொன்னு. நாலு மார்க்குல போயிட்டு. அன்னைக்கிக் கட்டி வச்ச பொஸ்தகம். இப்ப நாலு வருஷமா ஒங்க கணக்கத்தான் வெட்டிட்டு இருக்கேன், ஒவ்வொன்னையும் பத்துத் தடவ இருவது தடவ கேக்கேன். தனியாப் பரீட்ச எழுதிப் பாக்கலாம்னு ஒரு ஆச. எழுதட்டுமா சார்?”

அதன் கீழே என் பதில் இருந்தது. “சரி. நன்றி.”

மேலும் தேடினேன். பரீட்சை அன்றைக்கு ஒரு பதிவு. அதிலும் முதலில் வேலை. பிறகு: “கணக்குப் பரீட்ச எழுதிட்டு வாரேன் சார். கேள்விய வாசிச்ச ஒடனே ஒங்க கொரலு கேக்கு. நீங்க ஒரு விஷயத்த ரெண்டாந் தடவ சொல்லுவீங்கல்லா, போரடிக்குன்னு நான் வெட்டிப் போட்டிருவேன். வெட்டிப் போட்டதெல்லாம்தான் சார் அங்க வந்து நிக்கு.” முடிவு வந்த அன்றைக்கு இன்னொன்று. முகப்புப் படம் தயார், பார்த்துச் சொல்லுங்கள் என்று வேலைப் பேச்சு. பிறகு வெட்கச் சிரிப்பு. “நாப்பத்தொன்னு, சார். பாஸு. சரி, வச்சிருதேன்.” அதற்கு நான் அனுப்பிய பதிலை அப்படியே தருகிறேன்: “எழுத்து சிறியதாக உள்ளது. பெரிதாக்கவும்.” அடுத்த அரைமணியில் பெரிதாக்கி அனுப்பியிருந்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் குடும்பத்தின் நன்றியை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருப்பது சுலபம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் எனக்கு அந்தச் சோற்றின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மறுபடி மேலப்பாளையம் போனேன். ரிஸ்வானா மட்டும்தான் முன்னறையில் இருந்தாள். “ரிஸ்வானா, நான் ஒங்க உம்மா கேட்டதக் கேக்கவே இல்லம்மா. பதிவ பாதியில நிறுத்திட்டேன். கேக்காமலே சரின்னு அனுப்பிட்டேன். பாஸானதும் எனக்குத் தெரியாது” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “உம்மாவுக்குத் தெரியும் சார்.”

“என்ன தெரியும்?”

“நீங்க ஒரு நிமிஷம் இருவது செகண்டுக்கு மேல கேக்க மாட்டீங்கன்னு. சோதிச்சுப் பாத்திருக்காங்க. ஒருக்க நடுவுல, ‘சார், நாளையில இருந்து நம்ம சேனல மூடிருவோம்’னு சொல்லி அனுப்புனாங்க. நீங்க ‘சரி, நன்றி’ன்னு போட்டிருந்தீங்க. உம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதுல இருந்து வேல விஷயத்த எல்லாம் முன்னாலயே சொல்லிருவாங்க. ஒங்க எல்லை தாண்டுனதுக்குப் பெறவு அவங்களுக்காகப் பேசுவாங்க.”

“கேக்க மாட்டேன்னு தெரிஞ்சா?”

“அதான் சார். கேக்க மாட்டாரு, அதனால பேசலாம்னு சொல்லுவாங்க. ஆனா சாருக்கிட்டத்தான் சொல்லிருக்கேன், சுவத்துக்கிட்ட இல்லம்பாங்க. நீங்க கேமராட்ட பேசுவீங்கல்லா, அது மாதிரியாம். பரீட்ச விஷயத்துல மட்டும் அந்தச் ‘சரி’யப் புடிச்சிக்கிட்டாங்க. ‘சார் கேக்கல. ஆனா சரின்னு எழுத்துல வந்துட்டு பாரு, வாப்பாவுக்குக் காட்ட அது போதும்’னாங்க.”

யார் எந்த இடத்தில் எழுந்து போகிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் எழுந்து போகும் இடத்தில் எதையாவது வைத்து உட்கார வைப்பார். நான் எழுந்து போகும் இடத்தைக் கண்டுபிடித்தவர், என்னைப் போக விட்டுவிட்டார். கூப்பிட்டிருந்தால் இருந்திருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். பதில் எனக்குப் பெருமையாக இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவருடைய பதிவுகளைக் கேட்கிறேன். ஆறு வருடத்துப் பேச்சு. நான் கேட்காமல் விட்ட பகுதிகளில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வடிவியல் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. கணவருக்கு இந்தப் பெருநாளைக்கும் லீவு இல்லை. என் நீலச் சட்டை கேமராவில் நன்றாக இல்லை, சொன்னால் கோபம் வரும். ரிஸ்வானாவைக் கல்லூரியில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு வீடு பெரிதாகத் தெரிகிறது. ஓர் ஆள் இன்னோர் ஆளிடம் சும்மா சொல்லும் விஷயங்கள். ஏன் சார் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று ஓரிடத்தில்கூடக் கேட்கவில்லை.

என் புதிய வீடியோக்களை வேறொருவர் வெட்டுகிறார். கெட்டிக்காரர். வரைகோடு விழவில்லை. பாடம் முடிந்ததும் நானே எழுந்து கேமராவை அணைத்துவிடுகிறேன். அவருக்கு என் வீட்டுக் குழாயைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை.

பாத்திமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். அவர் இறப்பதற்கு முந்தைய நாள் மதியம் அனுப்பிய கடைசிப் பதிவு. ஒரு நிமிடம் வேலை. “அவ்வளவுதான் சார்” என்கிறார். ஆனால் பதிவை நிறுத்தவில்லை. மறந்தாரா, மறக்கவில்லையா, தெரியாது. மேலே மின்விசிறி ஓடுகிறது. தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். ஒரு பெண் குரல், “யாருகிட்டட்டீ பேசிட்டு இருக்க?” என்று கேட்கிறது.

“சார்கிட்ட” என்கிறார் பாத்திமா.

அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் அவர் எதுவும் பேசவில்லை. நான் கடைசிவரை இருந்தேன்.